மீன் பெருசா இருந்தா ஆறு நல்லா இருக்குன்னு அர்த்தமா?

தேக்கா ஈரச்சந்தையில் மீன் வாங்கும்போது எதைப் பார்ப்போம்? கண் தெளிவா இருக்கா, செவுள் சிவப்பா இருக்கா, எடை எவ்வளவு. அவ்வளவுதான்.

மலைக்காட்டு ஆற்றில் உயிரோடு நீந்தும் மீன் நலமா இருக்கா, நல்லா வளருதான்னு எப்படித் தெரிந்துகொள்வது? பெரிய மீன் கிடைத்தால் சந்தோஷப்படலாமா? அவசரப்படாதீங்க என்கிறது காவிரியின் கதை.

எதை அளக்கிறார்கள்?

நீளம், எடை இரண்டும்தான் அடிப்படை. மீனைப் பிடித்து, ஈரமான தட்டில் வைத்து அளந்துவிட்டு, உடனே தண்ணீரில் விட்டுவிடுவார்கள்.

பிறகு ஒரு சின்னக் கணக்கு. எடையை கிராமில் எடுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். சென்டிமீட்டரில் உள்ள நீளத்தை மூன்று முறை பெருக்கி, அந்தத் தொகையால் வகுக்க வேண்டும். 20 சென்டிமீட்டர் மீன் 80 கிராம் இருந்தால் விடை 1. அதே நீளத்தில் 60 கிராம்தான் இருக்குன்னா விடை 0.75. அதாவது மீன் மெலிந்திருக்கிறது. தீனி போதவில்லையா, நோயா, தண்ணீர் கெட்டுவிட்டதா என்று அடுத்துத் தேடலாம்.

ஆனா ஒரே இன மீன்களைத்தான் இப்படி ஒப்பிடலாம். விலாங்கையும் கெண்டையையும் ஒப்பிட்டால், விலாங்கு எப்பவும் பட்டினி கிடப்பது போலத்தான் தெரியும்!

வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

இது கொஞ்சம் கஷ்டம். மரத்தைப் போல மீன் செதிலிலும் வளையங்கள் உண்டு. குளிர்நாடுகளில் பருவம் மாறும்போது அவை தெளிவாக விழும். நம்ம பக்கத்து வெப்பத்தில் அவ்வளவு தெளிவாக விழாது. மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்லைப் பார்க்கலாம். ஆனால் அதற்கு மீனைக் கொல்ல வேண்டும். அழியும் நிலையில் உள்ள மீனுக்கு அது சரிவருமா?

அதனால் அரிசிமணி அளவு மின்னணுச் சில்லு ஒன்றை மீனின் உடலில் வைத்து விடுகிறார்கள். அதே மீன் மறுபடி சிக்கினால், எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இதெல்லாம் ஒரு மீனைப் பற்றிய தகவல். ஆற்றிலுள்ள மொத்த மீன்களின் நிலை தெரிய, பல ஆண்டுப் பதிவு வேண்டும்.

காவிரியில் என்ன நடந்தது?

காவிரியின் பெருமைக்குரிய மீன் திமில் மாசீர். கெண்டைக் குடும்பம். தமிழில் மாசீரைப் பொம்மீன் என்றும் சொல்வார்கள். மலேசியாவின் கெலா மீனுக்குச் சொந்தக்கார மீன். 50 கிலோவைத் தாண்டியும் வளரும்.

கர்நாடகத்தின் காலிபோரே பகுதியில், மீனைப் பிடித்து அளந்து திரும்ப ஆற்றிலேயே விடும் தூண்டில்காரர்கள் 1998 முதல் 2012 வரை பதிவேடு வைத்திருந்தார்கள். மொத்தம் 23,620 மணி நேரம், 6,161 மாசீர்கள். மிகச் சிறியது அரை கிலோகூட இல்லை. மிகப் பெரியது 46.8 கிலோ.

பிரிட்டன் ஆய்வாளர் ஏட்ரியன் பிண்டர், இந்திய ஆய்வாளர் ராஜீவ் ராகவன் உள்ளிட்டோர் இந்தப் பதிவுகளை ஆராய்ந்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் சிக்கும் மீன்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. சராசரி எடை குறைந்திருந்தது. அப்படின்னா குட்டி மீன்கள் நிறைய. நல்ல செய்திதானே?

இனவாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. திமில் மாசீர் சிக்குவது குறைந்துகொண்டே போனது. சிக்கியவையோ பெரிய மீன்கள்.

பெரிய மீன் கெட்ட செய்தியா?

நம்ம ஊர்க் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரின் மொத்தக் கருவள விகிதம் 2023-இல் முதன்முறையாக 1-க்குக் கீழே, 0.97-க்கு இறங்கியது. குழந்தைகள் குறைந்தால் சராசரி வயது ஏறும். காவிரியிலும் அதேதான். சின்ன மீன்கள் சேரவில்லை. எஞ்சியவை கிழ மீன்கள். தனித்தனியாக அளந்தால் ஒவ்வொன்றும் கொழுகொழுன்னு இருக்கலாம். ஆனால் அந்த இனம் முடிந்துகொண்டிருக்கிறது.

அப்போ பெருகிய மீன்கள்? அவை நீலத்துடுப்பு மாசீர்கள். காவிரிக்கு வெளியிலிருந்து வந்தவை. மகாராஷ்டிரத்தின் லோனாவ்லாவில் டாட்டா பவர் நிறுவனம் நடத்தும் பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சுகள், மாசீரைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தில்தான் ஆறுகளில் விடப்பட்டன. அணைகள், மணல் அள்ளுதல், வெடி வைத்து மீன் பிடித்தல் ஆகியவற்றோடு இதுவும் திமில் மாசீருக்குப் பெரிய ஆபத்தாகிவிட்டது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இன்னொரு சிக்கல். இந்த மீனுக்கு முறையான அறிவியல் பெயர்கூட அப்போது உறுதியாகாமல் இருந்தது. நீலகிரியை ஒட்டி ஓடும் மாயாற்றில் கிடைத்த மீன்களை ஆராய்ந்த பிறகு, 2018-இல்தான் அது டோர் ரெமாதேவீ என்று உறுதியானது. அதே ஆண்டு, மிக மோசமான அழிவு அபாயத்தில் உள்ள உயிரினமாக அனைத்துலகச் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது.

சரி, நமக்கென்ன?

நம்மிடம் காவிரி இல்லை. புக்கிட் தீமா குன்றின் உயரமே சுமார் 163 மீட்டர்தான். ஆனால் காட்டு ஓடைகள் இருக்கின்றன. நீ சூன் சதுப்புநிலக் காட்டில் வாழும் ஹார்லெக்குவின் ரஸ்போரா 5 சென்டிமீட்டரைத் தாண்டுவதே அபூர்வம். மீன்தொட்டிக் கடைகளில் இதே மீன் கூட்டம் கூட்டமாக நீந்துகிறது. கடையில் ஏராளமா இருக்கே என்று நினைத்தால், காவிரியில் நடந்த அதே தவறுதான். பண்ணை மீனின் எண்ணிக்கை ஓடை மீனின் நிலையைச் சொல்லாது.

வளர்ப்பு மீனை ஓடையில் விடுவதும் புண்ணியம் இல்லை. அது சட்டப்படி குற்றம். விசாக தினம் வரும்போதெல்லாம் தேசியப் பூங்காக் கழகம் இதை நினைவூட்டுகிறது.

குறுக்குத் தீவு ரயில் பாதை, மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கை வனப்பகுதிக்குக் கீழே சுமார் 70 மீட்டர் ஆழத்தில் செல்லும் என்று 2019 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. இதுபோன்ற பணிகளால் ஓடைகள் மாறுகின்றனவா என்று சொல்ல, பணிக்கு முன்னர் எடுத்த அளவுகள் கையில் இருக்க வேண்டும். பிறகு அளந்தால், எதோடு ஒப்பிடுவது?

அடுத்த முறை ‘மீன்வளம் பெருகியது’ என்று செய்தி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். பெருகியது எந்த இனம்? அதில் குஞ்சுகளும் இருக்கின்றனவா? எத்தனை ஆண்டுப் பதிவை வைத்துச் சொல்கிறார்கள்?