மருமகளுக்கு ஒரு லாப்டொப்

யூலை பிறந்தால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே கேள்வியோடுதான் வரும். "தம்பி, பிள்ளைக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுது. எந்த லாப்டொப் வாங்கலாம்?" சொஃப்ட்வெயர் வேலை செய்பவனுக்குக் கடை விலையும் அத்துப்படி என்பது எங்கட சனத்தின் நம்பிக்கை.

இந்த முறை கேட்டது பெரியம்மாவின் மகள். அவவின் மூத்தவள் செப்டெம்பரில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் பொறியியல் தொடங்குகிறாள். அக்கா ஒன்றைப் பார்த்தே வைத்திருந்தா: கேமிங் லாப்டொப், 2,600 டொலர். 13 வீத எச்.எஸ்.ரி.யோடு 2,938. கிரெடிட் கார்டில் போட்டுவிட்டு ஓசாப் காசு வந்ததும் கட்டலாமாம். மருமகளுக்கு மக்புக் வேணும். "எல்லாரும் அதுதானே வச்சிருக்கினம், மாமா."

எனக்கு 2007 ஞாபகம் வந்தது. அப்பா தொழிற்சாலையில் இரவு வேலை. என்ர படிப்புக்கு எண்டு கடைக்காரன் காட்டியதிலேயே பெரியதைத் தவணைக்கு எடுத்துத் தந்தார். 17 அங்குலத் திரை, விஸ்டா, செங்கல் மாதிரி ஒரு சார்ஜர். ஒரு மாதம் தோளில் சுமந்தேன். பிறகு அதை வீட்டில் வைத்துவிட்டு லாபில் இருந்த கொம்பியூட்டரிலேயே எல்லாம் செய்தேன். அப்பா வட்டியோடு கட்டி முடிக்க நான் மூன்றாம் வருடம் வந்துவிட்டேன். இதை அவருக்கு இன்றுவரை சொன்னதில்லை.

அக்காவிடம் முதலில் கேட்டது, "பிள்ளை எப்படிப் போய்வரப் போறாள்?" வீடு ஸ்காபரோவில். 2023 யூலையில் ஆர்.ரி. தடம் புரண்டு நின்றதிலிருந்து கெனடி வரை பஸ், அங்கிருந்து சென்ற் ஜோர்ஜ் வரை சப்வே. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற பிள்ளைக்கு ஒரு கிலோ கூடினாலும் தோள் சொல்லும். கேமிங் மெசினின் பற்றரி வேறு பின்னேர லெக்சர் வரை தாங்காது. 14 அங்குலம், ஒன்றரைக் கிலோவுக்குள் இருந்தால் நல்லது.

மக்புக் நல்ல மெசின்தான், நானே வேலைக்கு அதைத்தான் பாவிக்கிறன். கொம்பியூட்டர் சயன்ஸ் பிள்ளை எண்டால் யோசிக்காமல் வாங்கலாம். ஆனால் மெக்கானிக்கலில் அடிக்கடி வரும் சொலிட்வேர்க்ஸ் விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டது. 2020இல் அப்பிள் தன் சொந்தச் சிப்புக்கு மாறியபின், மக்கில் விண்டோஸைத் தனியாகப் போட்டு இயக்கும் பழைய வழியும் அடைபட்டுப்போனது. இன்னொரு பொறியும் இருக்கு: 2024இல் வந்த ஸ்னப்டிராகன் எக்ஸ் லாப்டொப்புகள். விண்டோஸ்தான், பற்றரியும் நல்லாய் நிக்கும், ஆனால் உள்ளே இருப்பது ஆம் வகைச் சிப். பொறியியல் மென்பொருள் சிலது அதில் ஓட மறுக்கும். ஆகவே இன்டெல் அல்லது ஏ.எம்.டி., 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்.எஸ்.டி. மெல்லிய லாப்டொப் பலதில் ராமைப் பலகையோடு ஒட்டிவிடுகிறார்கள், பிறகு கூட்ட முடியாது. இதில் மட்டும் காசு பார்க்க வேண்டாம்.

"அப்ப பெரிய டிசைன் எல்லாம் எதில செய்யிறது?" எண்டா அக்கா. அதுக்குத்தான் பல்கலைக்கழகமே லாப் வைத்திருக்கு. அங்கே பொறியியல் பீடத்துக்கு ஈ.சி.எஃப். என்ற கணினிக்கூடம் இருக்கு, வீட்டிலிருந்தும் அதற்குள் நுழையலாம். கட்டும் ஃபீஸில் அதுவும் அடக்கம். முதல் வருடத்தில் நிரல் எழுதவும் அறிக்கை எழுதவும் சாதாரண லாப்டொப் போதும்.

அக்கா கொஞ்சநேரம் பேசவில்லை. "விலை குறைஞ்சதை வாங்கிக் குடுத்து, பிள்ளை மற்றப் பிள்ளையளுக்குப் பின்னால நிண்டா?"

இதற்குத்தான் எனக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு 2007 கதையை முழுதாகச் சொன்னேன், வட்டியையும் சேர்த்து. "மாமாக்கு இது தெரியுமோ?" எண்டு கேட்டா. தெரியாது எண்டேன்.

அன்றிரவு மருமகளிடமிருந்து செய்தி: "தாங்ஸ் மாமா. அம்மா அதுக்காக ஞாயிறும் ஷிஃப்ட் எடுக்கப் போறன் எண்டவா."

கடைசியில் 1,250 டொலருக்கு ஒன்றைத் தெரிவு செய்தோம், வரியோடு 1,412.50. இன்னும் வாங்கவில்லை. பல கடைகளில் திருப்பிக் கொடுக்க இரண்டு கிழமைதான் தவணை. யூலையில் வாங்கினால் முதல் வகுப்புக்கு முன்பே அது முடிந்துவிடும். கொஸ்கோவில் 90 நாள். மருமகள் தன்ர டிபார்ட்மென்ருக்கு மின்னஞ்சல் போட்டு, என்ன மென்பொருள் தேவை எண்டு கேட்டிருக்கிறாள். பதில் வந்ததும் ஓகஸ்ட் கடைசியில் போகிறோம். அக்காவும் வாறாவாம், நல்ல பாக் ஒன்று பார்த்து வைத்திருக்கிறாவாம்.