சாவி யார் கையில்?

"தோழர், எங்கள் சங்க ஆபீசுக்கும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது!" போகிற ஊர்களிலெல்லாம் தோழர்கள் நம்மிடம் இதைச் சந்தோஷமாகச் சொல்கிறார்கள். மில் தொழிலாளர் சங்கங்கள் வாங்குகின்றன. விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் வட்டக் கமிட்டிகளும் வாங்குகின்றன. சந்தாப் பணத்தில் மிச்சம் பிடித்து, பஸ் நிலையத்தில் உண்டி குலுக்கிச் சேர்த்த காசில் வாங்குகிறார்கள். நல்ல காரியம்தான். நிர்வாகத்தின் கணக்கு முழுவதும் கம்ப்யூட்டரில் இருக்கிறது. நம்முடைய கணக்கு மட்டும் கிழிந்த நோட்டில்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஆனால் ஒரு கேள்வி. முதன்முதலில் அந்தப் பெட்டியைத் திறந்தவர் யார்? யாருடைய பெயரைப் போட்டுத் திறந்தார்?

பெரும்பாலும் வருகிற பதில் இதுதான்: "கடைப் பையனே எல்லாம் செய்து கொடுத்துவிட்டான், தோழர். நமக்கு அதெல்லாம் என்ன தெரியும்?"

இந்தப் பதிலினால் வந்த நஷ்டத்தை நாம் நேரில் கண்டோம். ஒரு மில் ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே மூடிக் கிடக்கும் மில்லின் தொழிலாளர்கள் 63 பேருக்குக் கிராஜுவிட்டி பாக்கி. யார் எந்த வருஷம் சேர்ந்தார், கடைசியாக வாங்கிய சம்பளம் என்ன, வாரிசு யார் என்ற விவரம் அனைத்தையும் ஒரு இளந்தோழர் இரவிரவாக உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றினார். வாங்கி எட்டாவது மாதம் பெட்டி நின்றுவிட்டது. ரிப்பேர்க்காரர் உள்ளே இருந்த மதர்போர்டை மாற்றினார். பிறகு திறந்தபோது திரை நீல நிறமாகி, 48 இலக்கம் கொண்ட ஒரு சாவி எண்ணைக் கேட்டது. அந்த எண் யாரிடம் இருக்கிறது? பெட்டியை முதலில் திறந்த கடைப் பையனின் கணக்கில் இருக்கிறது. அவனோ கடையை விட்டு நின்று, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். பழைய போன் நம்பர் இல்லை. பழைய பாஸ்வேர்டு அவனுக்கே மறந்துவிட்டது.

கேஸ் விசாரணைக்கு ஒன்பது நாள் இருந்தது. ஓய்வு பெற்ற ஒரு தோழர் பழைய வழக்கத்தில் கையால் எழுதி வைத்திருந்த லெட்ஜர் இருந்ததால் தப்பித்தோம். 63 பேரின் விவரத்தையும் மறுபடி எழுதினோம். அந்த லெட்ஜரைக் கரையான் அரித்திருந்தால்? 63 குடும்பங்களுக்கு நாம் என்ன பதில் சொல்லியிருப்போம்?

கடைப் பையன் கெட்டவன் அல்ல. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தன் பெயரைப் போட்டான். சம்பளத்துக்கு உழைக்கும் அவனும் நம்மவன்தான். தவறு நம்முடையது. அந்தக் கம்ப்யூட்டரை வாங்கத் தீர்மானம் போட்ட கூட்டத்தில் நாமும் இருந்தோம். விலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். யார் பெயரில் திறப்பது என்று ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை.

முதல் நாளன்று அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது? ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பிகளை மாட்டி, பொத்தானை அழுத்தியதும் யந்திரம் கேள்வி கேட்க ஆரம்பிக்கிறது. எந்த நாடு? எந்தக் கீபோர்டு? இன்டர்நெட் எங்கே? பிறகு, நீ யார்? அந்த இடத்தில் பதியும் முதல் பெயர்தான் பெட்டியின் நிர்வாகி. புதிய ஆளைச் சேர்ப்பதும் நீக்குவதும், எதை ஏற்றுவது எதை அழிப்பது என்பதும் அந்தப் பெயரின் அதிகாரம். பிறகு வரும் பெயர்களெல்லாம், நிர்வாகி அந்த அதிகாரத்தைக் கொடுத்தாலொழிய, வெறும் ஆள் கணக்குத்தான்.

கிராமத்துத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாற்பது வருஷம் உழுதவன் பெயர் பதிவேட்டில் இல்லாவிட்டால், கோர்ட்டில் அவன் குத்தகைக்காரனே அல்ல. அதனால்தான் 1969ல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தபோது, பெயரைப் பதியச் சொல்லி நம் தோழர்கள் வரப்பு வரப்பாக அலைந்தார்கள். நிலத்துக்குப் பதிவேடு எப்படியோ, கம்ப்யூட்டருக்கு முதல் பெயர் அப்படி.

இனி, பெரிய முதலாளியின் பங்கைப் பார்ப்போம். இன்று கடைகளில் விற்கும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஓடுவது அமெரிக்க ஏகபோகக் கம்பெனியான மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 11. 2021 அக்டோபரில் வெளிவந்தது. இதில் 'ஹோம்' என்ற ரகம், முதல் முறை திறக்கும்போதே இன்டர்நெட்டும் வேண்டும், தன் கம்பெனியில் ஒரு கணக்கும் வேண்டும் என்று நிர்ப்பந்திக்கிறது. 2022 முதல் 'ப்ரோ' ரகத்திலும், சொந்த உபயோகம் என்று சொன்னால் இதே நிபந்தனை. விவரம் தெரிந்தவர்கள் இதைத் தாண்டிப் போகச் சில சந்துகளைக் கண்டுபிடித்தார்கள். 2025ல் சோதனைப் பதிப்புகளில் கம்பெனி அந்தச் சந்துகளையும் அடைக்கத் தொடங்கியது.

காசு கொடுத்தது நாம். ரசீது நம்மிடம். திறப்பதற்கு மட்டும் கம்பெனியின் பேரேட்டில் பெயர் பதிய வேண்டுமாம்! சைக்கிள் வாங்கியவனை, பெடலில் கால் வைக்குமுன் சைக்கிள் கம்பெனியில் பெயர் பதிந்துவிட்டு வா என்று சொன்னால் சும்மா இருப்பானா?

இத்துடன் முடியவில்லை. அடுத்து வரிசையாகச் சில சம்மதங்களைக் கேட்கிறது. நீ இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளலாமா? நீ தட்டுகிற எழுத்துக்களைப் பற்றிய விவரத்தை அனுப்பலாமா? உனக்கேற்ற விளம்பரம் காட்ட ஓர் அடையாள எண் போடலாமா? கேட்கும்போதே 'சரி' என்ற பக்கம் குறியிட்டு வைத்துத்தான் கேட்கிறது. வேலையில் சேரும் நாளன்று வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கும் மில் நிர்வாகங்களை நாம் அறிவோம். அவசரத்தில் இருப்பவன் படிக்கமாட்டான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

கம்பெனிக்கு இதில் என்ன லாபம்? பெட்டியை ஒரு தடவைதான் விற்கலாம். ஆனால் கணக்கு வைத்திருக்கிறவனிடம் மாதாமாதம் விற்கலாம். சேமிக்க இடத்துக்கு வாடகை, எழுதும் மென்பொருளுக்குச் சந்தா, நடுவில் விளம்பரம். பண்டத்தை விற்றுவிட்ட பிறகும் வாங்கியவனிடம் வாரம் வசூலிக்கும் தந்திரம் இது.

2025 அக்டோபர் 14ல் விண்டோஸ் 10க்கு வழக்கமாக வரும் பாதுகாப்புத் திருத்தங்களை இதே கம்பெனி நிறுத்தியது. பழைய பெட்டிகளில் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அது கேட்கும் பாதுகாப்புச் சில்லு அவற்றில் இல்லை. ஓடுகிற தறியை மூலையில் போட்டுவிட்டுப் புதுத் தறி வாங்கு என்பதுதான் இதன் பொருள்.

"கம்யூனிஸ்டுகள் கம்ப்யூட்டருக்கே விரோதிகள்தானே?" என்று சிலர் கேலி பேசுவார்கள். 1960களில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. ஊழியர்கள் கம்ப்யூட்டரை எதிர்த்துப் போராடியது உண்மை. அவர்கள் எழுப்பிய கேள்வி என்ன? யந்திரம் வந்தால் லாபம் யாருக்கு, வேலை போவது யாருக்கு என்பதுதான். அந்தக் கேள்விக்கு இன்னும் வயதாகவில்லை. யந்திரம் வரட்டும். ஆனால் உழைப்பவனுக்கு அடங்கி வரட்டும்.

ஆகவே என்ன செய்வது?

முதலாவதாக, பெட்டியைக் கடையில் திறக்க விடாதீர்கள். சங்க ஆபீசில், குறைந்தது இரண்டு நிர்வாகிகள் முன்னிலையில் திறக்கட்டும். கடைப் பையன் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கட்டும். தட்டுகிற விரல் நம்முடையதாக இருக்கட்டும்.

இரண்டாவதாக, கணக்குத் தேவைப்பட்டால் சங்கத்தின் பெயரில் ஒரு ஈமெயில் தொடங்கி, சங்க ஆபீசின் போன் நம்பரைக் கொடுங்கள். செயலாளரின் சொந்த நம்பர்கூட வேண்டாம். செயலாளர் மாறுவார். சங்கம் இருக்கும். தினசரி வேலைக்கு, நிர்வாகி அதிகாரம் இல்லாத இன்னொரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, பாஸ்வேர்டு. சங்கத்தின் பெயரும் ஆரம்பித்த வருஷமும் வேண்டாம். நிர்வாகத்தின் கையாள் முதலில் அதைத்தான் தட்டிப் பார்ப்பான். சம்பந்தமில்லாத நாலு சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள். தாளில் எழுதி, உறையில் ஒட்டி, மினிட் புஸ்தகத்தோடு பூட்டி வையுங்கள். நிர்வாகிகள் மாறும்போது பாஸ்வேர்டும் மாறட்டும். பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் அதுவும் ஒரு இனமாக இருக்கட்டும்.

நான்காவதாக, அந்த 48 இலக்கச் சாவி. 2024ல் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து, கம்பெனிக் கணக்கில் திறந்த புதுப்பெட்டிகளில் தகவல் வட்டு பெரும்பாலும் தானாகவே பூட்டிக்கொள்கிறது. பூட்டு கெட்டதல்ல. திருடன் வட்டைக் கழற்றிக்கொண்டு போனாலும் நம் உறுப்பினர் பட்டியலைப் படிக்க முடியாது. ஆனால் சாவி எண் அந்தக் கணக்கில்தான் போய் உட்கார்ந்திருக்கிறது. முதல் நாளே அதை எடுத்து, தாளில் அச்சடித்து, அதே உறையில் வையுங்கள்.

ஐந்தாவதாக, சம்மதக் கேள்விகள் ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்து, 'வேண்டாம்' என்று குறியிடுங்கள். கட்டாயம் என்று கம்பெனி வைத்துக்கொண்ட விவரம் அப்போதும் போகும். மிச்சத்தையாவது தடுக்கலாம்.

ஆறாவதாக, வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் பென்டிரைவில் நகல் எடுத்து வேறொரு தோழர் வீட்டில் பத்திரமாக வையுங்கள். உறுப்பினர் பட்டியலைத் தாளிலும் வையுங்கள். அந்த லெட்ஜர்த் தோழரை மறக்காதீர்கள்.

ஏற்கெனவே கடைக்காரன் பெயரில் ஓடுகிற பெட்டி என்றால்? பயப்பட வேண்டாம். இன்றே சங்கத்தின் பெயரில் ஒரு நிர்வாகிக் கணக்கை உண்டாக்கி, சாவி எண்ணை எடுத்து, தகவல்களை நகல் எடுத்த பிறகு பழைய பெயரை நீக்குங்கள். இந்த வரிசை முக்கியம்.

கம்பெனிக்கே அடிமைப்படாத வழியும் ஒன்று உண்டு. 1983ல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய குனு திட்டமும், 1991ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸும் சேர்ந்து, உலகத்தின் பல நாட்டு உழைப்பாளிகள் கைகோத்து வளர்த்த கட்டற்ற மென்பொருள் அது. விலை இல்லை. முதல் நாள் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். ஆனால் அந்தப் பெயர் நம் பெட்டிக்குள்ளேயே இருக்கும். சென்னையில் சர்க்கார் நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இந்த வகைதான். 2011ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் நம் பிள்ளைகள் வாங்கி வந்த பெட்டிகளிலும் அது இருந்தது. கேரளத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸில்தான் பாடம் படிக்கிறார்கள். விண்டோஸ் 11 ஏறாத பழைய பெட்டியில் இது பல சமயம் நன்றாகவே ஓடும். பழக ஒரு மாதம் ஆகும். சில பிரிண்டர்கள் முரண்டு பிடிக்கும். பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த நோட்டீசுகள் தகராறு செய்யும். இதையும் மறைக்காமல் சொல்கிறோம். ஒரு மாதச் சிரமத்துக்குப் பயந்து காலமெல்லாம் வாரம் கட்டுவதா என்று கமிட்டி யோசிக்கட்டும்.

தோழர்களே! உறுப்பினர் பட்டியல் ஒரு சங்கத்தின் உயிர். யார் நம்மோடு இருக்கிறார், யார் எவ்வளவு சந்தா கொடுத்தார் என்பது நிர்வாகத்தின் கையில் போனால் நாளைக்கு யார் வேலை போகும் என்பதும் அதில் எழுதியிருக்கிறது. அந்தக் காலத்தில் போலீஸ் வருகிறது என்றால் பட்டியலை நெற்குதிரில் ஒளித்து வைத்துக் காத்தார்கள் நம் மூத்த தோழர்கள். அதே பட்டியலை முன்பின் தெரியாதவன் பெயரில் பூட்டி வைப்பது என்ன நியாயம்?

அடுத்த கமிட்டிக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி சேருங்கள்: கம்ப்யூட்டர் சாவி யாரிடம்? பதில் சொல்ல யாராலும் முடியவில்லை என்றால், கூட்டம் கலைவதற்கு முன் எல்லோருமாகப் பெட்டியின் முன் போய் உட்காருங்கள்.