வெயில் ஊரில் வெளுக்கும் விரல்

மார்கழி விடியலில் இரணைமடு வாய்க்காலில் கைவைத்தால் வட்டக்கச்சியில் யாருக்கும் விரல் விறைக்கும். சிலருக்கு நடப்பது வேறு. ஓரிரு விரல்கள் பாதிவரை கோடு பிரித்தது போல வெளிறும். பிறகு நீலம் பாயும். சூடு ஏறும்போது சிவந்து கடுக்கும். குளிர்பெட்டிக்குள் கைவிட்டாலும் இதே கதைதான்.

1862இல் பாரிஸில் மோரிஸ் ரேனோ என்ற மருத்துவர் இதை விவரித்தார். அவர் பெயரே நோய்க்கும் நிலைத்தது. குளிருக்கும் பதற்றத்துக்கும் விரல்களின் சிறு நாடிகள் அளவுக்கு மிஞ்சிச் சுருங்குகின்றன. இளவயதில், இரு கைகளிலும், புண் இல்லாமல் வந்தால் பெரும்பாலும் பயமில்லை.

முப்பது வயதைத் தாண்டிப் புதிதாகத் தொடங்கினால் அப்படி விட முடியாது. தோலையும் நுரையீரலையும் இறுக்கும் ஸ்கிளெரோடெர்மா வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் விரல் வெளுப்பு உண்டு. பலருக்கு மற்ற அறிகுறிகளுக்கு ஆண்டுக்கணக்கில் முந்தி வருவதும் அதுதான். உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் நோயாளிகளிலும் கணிசமானோருக்கு இது இருக்கிறது. இரண்டும் பெண்களையே அதிகம் பிடிக்கும் நோய்கள்.

பிரான்சின் மலைப்பகுதியோடு ஒப்பிட்டால், வெப்பமான அமெரிக்க நகரமான சார்ள்ஸ்டனில் இந்த வெளுப்பு மிகக் குறைவு என்று 1990களின் ஆய்வொன்று காட்டியது. அப்படியானால் வன்னி வெயிலில் ஒருவருக்கு விரல் வெளுப்பதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டாமா? "பனிக்குணம், கையுறை போடுங்கோ" என்று அனுப்பிவிடுவது போதாது.

முதல் சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். நகக்கண்ணில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மருத்துவர் கண்ணைச் சோதிக்கும் கருவியாலேயே உற்றுப் பார்த்தால், வீங்கி வளைந்த நுண்குழாய்கள் தெரியக்கூடும். தெரிந்தால், இத்தகைய நோய்களைத் தேடும் ஏஎன்ஏ (ANA) இரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மருந்தும் புதிதல்ல: பிரஷருக்குக் கொடுக்கும் நிஃபெடிபின் பலருக்கு உதவுகிறது. மாறாக, ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் புரோபிரனலோல் வெளுப்பைக் கூட்டலாம். அதைக் குடிப்பவர் தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சுருட்டோ பீடியோ புகைக்கும் இளவயது ஆணுக்குக் கால்விரல் கறுத்தால் அது நாடிகளை அடைக்கும் பேர்கர் நோயாகவும் இருக்கலாம். அங்கே முதல் மருந்து, புகையை அடியோடு விடுவது.

கிளினிக் மேசைக்கு முன்னால் போய் நிற்கும்போது விரல் வழமைக்குத் திரும்பியிருக்கும். ஆகவே வெளுக்கும் நேரத்திலேயே போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு போங்கள். விரல் நுனியில் புண் வந்துவிட்டால் அடுத்த கிளினிக் நாளைப் பார்த்திராமல், அன்றே கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள்.