நாள் தள்ளிப் போச்சா? புகைப் பக்கம் போகாதீங்க!

வாலிநோக்கம் என்றால் உங்களுக்கு உப்புதான் ஞாபகம் வரும். அரசு உப்பு நிறுவனத்தின் ஊராயிற்றே! அதே ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் சீமைக்கருவேலத்தை வெட்டி, கரிமூட்டம் போடுகிறார்கள். நாள் கணக்கில் புகையும்.

முதல் 12 வாரம் சிசுவின் மூளை வளர, தாயின் தைராய்டு ஹார்மோன்தான் கதி. நுண்தூசி மிகுந்த காற்றைச் சுவாசித்த கர்ப்பிணிகளிடம் அது குறைவாக இருப்பது அதிகம் என்கிறது, ஐரோப்பா, அமெரிக்காவில் சுமார் 10,000 பேரிடம் நடந்து, 2019-ல் வெளியான ஆய்வு.

"நாங்க புகையிலேயே பெத்து வளர்க்கலையா?" என்பார் மாமியார். வளர்த்தீங்க அம்மா, ஆனா, தைராய்டை யார் சோதிச்சுப் பார்த்தாங்க?

நாள் தள்ளியதுமே டி.எஸ்.எச். பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அந்த ஹார்மோன் உருவாக அயோடின் தேவை. அயோடின் உப்பையே வாங்கி, மூடி வையுங்கள். விறகடுப்பு, குப்பைப் புகை, கரிமூட்டம் பக்கம் கர்ப்பிணியை அனுப்பாதீர்கள். வளைகாப்புக்கு முன்னால் போடவேண்டிய காப்பு இதுதான்!