நூற்றுக்கு ஒன்றுதானாம்!

தோழனே!

நூறு டாலருக்கு ஒரே ஒரு டாலர். அதற்கா இத்தனை ஆரவாரம் என்று கேட்கின்றனர் அறிவாளர் சிலர். ஒன்று சிறிய எண்தான், மறுக்கவில்லை. அந்த ஒன்றை எவனிடம் பறிக்கிறார்கள், எவனைத் தொடாமல் விடுகிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?

அமெரிக்க நாட்டிலே, 2025 ஜூலை 4ஆம் நாள், அவர்தம் விடுதலைத் திருநாளன்று, அதிபர் டிரம்ப் கையொப்பமிட்ட பெருஞ்சட்டத்தின் மடியிலே பிறந்தது இவ்வரி. 2026 ஜனவரி முதல் நாள் தொட்டு நடப்புக்கு வந்தது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவோன் அதை ரொக்கமாகவோ, மணியார்டராகவோ, வரைவோலையாகவோ நீட்டினால் நூற்றுக்கு ஒன்று வரி. வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் வரி இல்லை. அந்நாட்டு வங்கி தந்த அட்டையால் அனுப்பினாலும் இல்லை. குடிமகனா, அயலானா என்ற கேள்வியும் கிடையாது. கையிலே இருப்பது காகித நோட்டா? எடு வரியை!

விளைவு என்ன, தோழனே? ஐந்து இலட்சம் டாலர் சேமித்தவன் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, விரலால் ஒரு பொத்தானை அழுத்துகிறான். பணம் கடல் தாண்டுகிறது. இந்த வரி அவன் வாயிற்படியை மிதிப்பதில்லை. உணவு விடுதியில் எச்சில் தட்டுக் கழுவி, வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி, ஊரிலுள்ள தாய்க்கு 300 டாலர் அனுப்பக் கடை வாயிலில் வரிசையில் நிற்கிறானே, அவன் 3 டாலர் எண்ணி வைக்க வேண்டும். கடைக்காரனுக்குரிய கட்டணம் தனி. இப்படி ஒரு காட்சியை நான் நாடகத்தில் எழுதியிருந்தால், மிகைப்படுத்திவிட்டான் என்று ஏடுகள் ஏசியிருக்கும்!

வங்கிக்குப் போகட்டுமே என்பர். போவானா? கூலியைக் கையிலே பெறுபவன். காட்டத் தக்க அடையாளச் சீட்டு இல்லாதவன். சீருடையைக் கண்டாலே நெஞ்சு நடுங்குபவன். வங்கியின் பளிங்குப் படி அவனுக்குப் பாம்புப் புற்று.

அனுமதியின்றி நுழைந்தவன், வரி கொடாதவன், அவனுக்கு ஏன் இரக்கம் என்று அடுத்த அம்பு பாயும். 2022ஆம் ஆண்டில் மட்டும், அனுமதிச் சீட்டில்லாத குடியேறிகள் அந்நாட்டில் கட்டிய வரி 96.7 பில்லியன் டாலர்! வரிவிதிப்பு, பொருளாதாரக் கொள்கை ஆய்வு நிறுவனம் என்ற அமெரிக்க அமைப்பே கணக்கிட்டுச் சொன்னது இது. அதிலே 25.7 பில்லியன், முதுமைக் காலப் பாதுகாப்பு நிதிக்குப் போனது. போட்டவனுக்கு அந்த ஓய்வூதியம் கிட்டுவதில்லை. வரி போக மிஞ்சியதைத்தான் தாய்க்கு அனுப்புகிறான். மெக்சிகோவின் அதிபர் கிளாடியா ஷேன்பாம் இதை இரட்டை வரி என்று எதிர்த்தாரே, அதில் பிழை என்ன? ஹோண்டுராஸ், எல் சல்வடோர் போன்ற சிறு நாடுகளில் மொத்த உற்பத்தி மதிப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இப்படி வந்து சேரும் பணம்தான்.

இனி, கோபுரத்தின் பக்கம் திரும்பு. நாடு விட்டு நாடு பணம் கொண்டுவருவோரிடம் அதே அமெரிக்கா எப்படியெல்லாம் குழைந்தது தெரியுமா? 2004இல் ஒரு சட்டம். வெளிநாடுகளிலே இலாபத்தைக் குவித்து வைத்திருந்த பெருங்குழுமங்களை, ஐயா, கொண்டு வாருங்கள், 35 விழுக்காடு வேண்டாம், 5.25 போதும் என்று வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள். 300 பில்லியன் டாலருக்கு மேல் வந்தது. வேலை பெருகும் என்றார்களே, பெருகிற்றா? மிகுதியாகப் பணம் கொணர்ந்த 15 நிறுவனங்களிலே, 20,000க்கும் மேற்பட்ட வேலைகள் குறைந்தன என்று 2011இல் செனட் துணைக்குழுவே அறிக்கை தந்தது. பிறகாவது புத்தி வந்ததா? 2017இல் மீண்டும் சலுகை. வெளிநாட்டு இலாபத்தில் ரொக்கத்துக்கு 15.5, மற்றவற்றுக்கு 8. அதையும் எட்டாண்டுத் தவணையில் கட்டலாம்! தட்டுக் கழுவுபவனுக்குத் தவணை உண்டா? அந்தக் கணமே, அந்தக் கடையிலேயே கொடுத்தாக வேண்டும்.

இன்னும் கேள். நூற்றுக்கு ஒன்று பிடுங்கும் அதே 2025ஆம் ஆண்டுச் சட்டம், செத்துப்போன செல்வனின் சொத்தில் ஒன்றரைக் கோடி டாலர் வரை மரணவரி இல்லை என்று வரம்பை உயர்த்தியது. கணவன் மனைவி இருவர்க்கும் சேர்த்து மூன்று கோடி! உழைக்காமல் பெறும் வாரிசுக்கு விலக்கு. உழைத்து அனுப்பும் மகனுக்கு விலங்கு.

நம்மவரிலும் சிலர் பெருமூச்சு விட்டனர். நியூஜெர்சியிலும் கலிபோர்னியாவிலும் கணினித் தொழில் செய்யும் தமிழர்கள் வங்கி வழியாகத்தானே அனுப்புகிறார்கள், நமக்கென்ன என்கின்றனர். இந்தியாவுக்கு வந்து சேரும் வெளிநாட்டுப் பணத்தில் கால் பங்குக்கு மேல் அமெரிக்காவிலிருந்து வருகிறது என்று ரிசர்வ் வங்கியே 2023-24ஆம் ஆண்டுக்குச் சொல்லியிருக்க, அவர்கள் கவலைப்பட்டதும் இயல்பு, களித்ததும் இயல்பு. ஆனால் 2025 மே மாதத்தை மறக்கலாமா? முதலில் வந்த மசோதா 5 விழுக்காடு கேட்டது. கீழவையில் நிறைவேறியபோது 3.5. குடிமகனல்லாத எவனும், வங்கியில் கணக்கு வைத்திருந்தாலும் தப்ப முடியாது என்றுதான் அப்போது எழுதியிருந்தார்கள். சென்னையில் வீடு வாங்கச் சேமித்த பொறியாளனும், தாய்க்கு 300 டாலர் அனுப்பும் தட்டுக் கழுவுபவனும் அன்று ஒரே பட்டியலில் இருந்தனர். பொறியாளனின் பெயரைப் பின்னர் அடித்தார்கள்; பட்டியலைக் கிழிக்கவில்லை.