சுன்னத்தும் ப்ராஸ்டேட் கேன்சரும், நடுவுல ஒரு ஃபார்வேர்டும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கலை. ஆபீஸ்ல புடுங்க வேண்டிய ஆணி அதிகம். இன்னைக்கு உட்கார்ந்து எழுத வச்சது எங்க குடும்ப வாட்ஸ்அப் குழுவுல வந்த ஒரு ஃபார்வேர்ட்.

டிஸ்கி: இது சுன்னத் பத்தின பதிவு. உள்குத்து எதுவும் கிடையாது. எழுதறவனுக்கும் ஏழு வயசுல, வாலாஜாபேட்டை வீட்டு வாசல்ல பந்தல் போட்டு, புது லுங்கி கட்டிவிட்டு எல்லாம் முறைப்படி நடந்ததுதான் :-)

ஃபார்வேர்ட்ல ஒரு உலக வரைபடம். சுன்னத் செய்யற நாடுகள் பச்சை, செய்யாத நாடுகள் சிவப்பு. பச்சை நாடுகள்ல ப்ராஸ்டேட் கேன்சர் சாவு குறைவாம். கீழே வழக்கமான வரி: "1400 வருஷத்துக்கு முன்னாடியே நமக்குச் சொல்லியாச்சு." ஏகப்பட்ட கட்டைவிரல்கள். போன வருஷமும் இதே மாதிரி ஒண்ணு வந்தது. அப்ப அனுப்பினவர் எங்க மாமு. அவர் கதைக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல ஒண்ணு. இது யாரோ சும்மா கிளப்பிவிட்ட கதை இல்லை. 1942-லயே புரூக்ளினைச் சேர்ந்த ஆப்ரஹாம் ராவிச்-ங்கிற டாக்டர், யூத நோயாளிகள்கிட்ட ப்ராஸ்டேட் கேன்சர் குறைவா இருக்குன்னு எழுதினார். 2012-ல அமெரிக்காவுல சியாட்டில் ஆய்வாளர்கள், நோய் வந்தவங்க வராதவங்கன்னு மூவாயிரத்துச் சொச்சம் ஆண்களை ஒப்பிட்டாங்க. முதல் உடலுறவுக்கு முன்னாடியே சுன்னத் ஆனவங்களுக்கு இந்த கேன்சர் வாய்ப்பு 15% குறைவுன்னு முடிவு வந்தது. 2016-ல நாடுகளை வரிசைப்படுத்தி, சுன்னத் அதிகமான நாடுகள்ல சாவு குறைவுன்னு ஒரு கட்டுரை. அதை எழுதினவங்கள்ல ஒருத்தர் பிரையன் மோரிஸ். ஆஸ்திரேலியப் பேராசிரியர், சுன்னத்தை ஆதரிச்சு ரொம்ப காலமா எழுதிட்டு வர்றவர்.

15%-னா என்ன? நூறு பேர்ல 12 பேருக்கு வர்ற இடத்துல 10 பேருக்கு வரும். அவ்வளவுதான். அதுவும் காரணம்னு நிரூபணம் ஆகலை, சேர்ந்து இருக்குன்னு மட்டும்தான் தெரியும். "குறைவு"ங்கிறது எங்க குழுவுக்கு வந்து சேரும்போது "வராது"ன்னு ஆயிடுது.

சரி, வரைபடத்துக்கு வருவோம். ஆம்பூர்ல பிரியாணிக் கடை அதிகம், ஷூ கம்பெனியும் அதிகம். அதுக்காக பிரியாணி சாப்பிட்டா ஷூ தைக்க வரும்னு சொல்ல முடியுமா? ஒரு நாட்டுல சுன்னத் அதிகம்னா அங்க பெரும்பாலும் மதம் வேற, சாப்பாடு வேற, குடிப்பழக்கம் வேற, ஆயுசு வேற, ஆஸ்பத்திரி வசதியும் வேற. இத்தனையையும் ஒரே கலர்ல அடிச்சா எது காரணம்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

வரைபடத்துக்கு ஒத்துவராத நாடுகளையும் பாருங்க. நைஜீரியா, கானா பக்கம் முஸ்லிம், கிறிஸ்தவர்னு இல்லாம ஏறக்குறைய எல்லா ஆம்பளைக்கும் சுன்னத் உண்டு. ஜமைக்காவுல பெரும்பாலானவங்களுக்குக் கிடையாது, ஆனா அவங்க முன்னோர்ல பலர் அடிமைகளா மேற்கு ஆப்பிரிக்காவுல இருந்து கொண்டுபோகப்பட்டவங்க. ரெண்டு பக்கமும் ப்ராஸ்டேட் கேன்சர் சாவு உலகத்துலயே அதிகமான வரிசையில இருக்கு. இந்தப் பக்கம் ஜப்பான், சீனா. சுன்னத் வழக்கமே இல்லை, சாவும் குறைவு. அதே ஜப்பான்காரங்க அமெரிக்காவுல குடியேறினதும் அவங்களுக்கு இந்த கேன்சர் கூடுதுன்னு 1960-கள்லயே கண்டுபிடிச்சுட்டாங்க. அமெரிக்காவுல பெரும்பாலான ஆண்களுக்கு சுன்னத் ஆகியிருக்கு. அங்கயே கறுப்பின ஆண்கள் இந்த நோய்ல சாகற விகிதம் வெள்ளையரை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. வயசு, பரம்பரை, வாழ்க்கைமுறை, இதெல்லாம் பெரிய தலைங்க. சுன்னத்துக்கு ஏதாவது பங்கு இருந்தாலும் அது கடைசி வரிசையில நிக்கற சின்னப் பையன்.

இன்னொரு ஓட்டை. சாவை யார் எண்ணறாங்க? நம்ம நாட்டுல 2020-ல பதிவான சாவுகள்ல நாலுல ஒண்ணுக்கும் குறைவாத்தான் டாக்டர் சான்றளிச்ச காரணம் இருந்தது. மத்ததெல்லாம் "வயசாச்சு, போயிட்டார்". சென்னையில அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1980-கள்ல இருந்தே கேன்சர் பதிவேடு நடத்துது. அப்படி எதுவும் ஒழுங்கா இல்லாத நாடுகள் எத்தனை? லாக் எழுதாத சர்வர்ல எரரே வரலைன்னு சந்தோஷப்படற மாதிரிதான் இது. நம்ம துறை மக்களுக்குப் புரியும்.

இப்ப என்னைத் தூங்க விடாத கணக்கு. அமெரிக்கப் புற்றுநோய்க் கழகத்தோட 2023 மதிப்பீட்டுல புது நோயாளிகள் 2,88,300, சாவு 34,700. எட்டுக்கு ஒண்ணு. இந்தியாவுல 2020 மதிப்பீட்டுல புது நோயாளிகள் சுமார் 34,500, சாவு சுமார் 16,800. ரெண்டுக்கு ஒண்ணு. அமெரிக்காவுல ரத்தப் பரிசோதனை பண்ணிப் பண்ணி, தொந்தரவே தராத கேன்சரையும் சேர்த்து எண்ணறாங்க, அதனாலயும் இந்த வித்தியாசம். ஆனாலும் பாதிக்குப் பாதிங்கறது, நம்ம ஆளுங்க ரொம்ப லேட்டா போறாங்கன்னுதான் சொல்லுது.

மாமு லேட்டா போனவர். வயசு 66. ராணிப்பேட்டையில ஒரு தோல் கம்பெனியில முப்பது வருஷம் குனிஞ்சு வேலை பார்த்தவர். ராத்திரி நாலஞ்சு தடவை எழுந்திருக்கிறார்னு மாமி சொன்னப்ப, வயசானா அப்படித்தான்னுட்டார். அப்புறம் முதுகுவலி. தோல் கம்பெனி முதுகு, வலிக்காம என்ன செய்யும்னு எண்ணெய் தேய்ச்சு, பெல்ட் போட்டு எட்டு மாசம் ஓட்டினார். ப்ராஸ்டேட் டெஸ்ட் எடுங்க மாமுன்னு மாமியோட தம்பி சொன்னதுக்கு அவர் சொன்ன பதில்: "எனக்கு அதெல்லாம் வராது தம்பி. குரூப்ல அனுப்பினேனே, பாக்கலியா?"

கால் மரத்துப்போன பிறகுதான் ஆஸ்பத்திரி. பிஎஸ்ஏ 4-க்குள்ள இருக்கணும்னு சொல்ற இடத்துல 380. எலும்பு ஸ்கேன்ல முதுகெலும்பு பூரா புள்ளிப் புள்ளியா. ஆண் ஹார்மோனை அடக்கறதுதான் வைத்தியம். சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-ல காட்டின வழி, அதுக்கு 1966-ல நோபல் பரிசு. ஒண்ணு மூணு மாசத்துக்கு ஒரு ஊசி, இல்லைன்னா விதையை எடுக்கற ஆபரேஷன். ஆபரேஷன்னா செலவு குறைவுன்னார் டாக்டர். "ஒரு தடவை வெட்டினது போதும் டாக்டர்"னார் மாமு. அறையே சிரிச்சது. மாமி மட்டும் சிரிக்கலை.

இருக்கார். ஊசி போட்டுட்டு, மெதுவா நடந்து பள்ளிவாசலுக்குப் போய்ட்டு வர்றார். ஒரு வருஷம் முன்னாடி போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அவர் கேட்கலை, நாங்களும் சொல்லலை. அந்தப் பழைய ஃபார்வேர்டுக்குக் கட்டைவிரல் போட்டவங்கள்ல நானும் ஒருத்தன். பொறியியல் படிச்சவன், தப்புன்னு அப்பவே தோணுச்சு. பெரியவங்க மனசு நோகுமேன்னு விட்டுட்டேன்.

சுன்னத்தால பலனே இல்லைன்னு சொல்ல வரலை. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டாவுல நடந்த மூணு பெரிய பரிசோதனைகள்ல, பெண்கள்கிட்ட இருந்து ஆண்களுக்கு எச்.ஐ.வி. தொத்தறது 60% அளவுக்குக் குறைஞ்சது. அதை வச்சுத்தான் 2007-ல உலக சுகாதார நிறுவனம் அந்த மாதிரி நாடுகளுக்கு சுன்னத்தைப் பரிந்துரை செஞ்சது. சின்ன வயசுல செஞ்சா ஆண்குறி கேன்சர் குறையுது. இதெல்லாம் ஓரளவு கெட்டியான ஆதாரம். ப்ராஸ்டேட்டை அந்த வரிசையில உட்கார வைக்க முடியாது.

நம்ம ஆளுங்களுக்கு ஒரு கேள்வி. நாம சுன்னத் செய்யறது இப்ராஹிம் நபியோட வழிமுறைன்னு. நாளைக்கே வேற ஒரு வரைபடம் இதுக்கு நேர்மாறா வந்தா விட்டுடுவோமா? மாட்டோம்ல? அப்புறம் எதுக்கு மார்க்கத்துக்கு கேன்சர் கணக்கை முட்டுக்கொடுக்கணும்? முட்டு சறுக்கினா அடிபடறது மார்க்கம் இல்லை, அதை நம்பி டெஸ்ட்டுக்குப் போகாத மாமுதான்.

வேலூர்ல சி.எம்.சி. இருக்கு. நாடு நாடா தாண்டி வைத்தியத்துக்கு வர்றாங்க. வாலாஜாவுல இருந்து ஒரு மணி நேரம் கூட ஆகாது. ஐம்பது தாண்டினவங்க, ராத்திரி அடிக்கடி எழுந்திருந்தா, நீர் தடைப்பட்டா, ரத்தம் கலந்து வந்தா, காரணமில்லாம முதுகு வலிச்சா டாக்டர்கிட்ட போங்க. பெரும்பாலும் வயசுக்கு வர்ற சாதாரண வீக்கமாத்தான் இருக்கும். ஆனா ஆரம்பத்துல இந்த கேன்சர் எந்த அறிகுறியும் காட்டாமலும் இருக்கும். அதனால அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ வந்திருந்தா, தொந்தரவு வர்றவரை காத்திருக்காம டாக்டர்கிட்ட அதைச் சொல்லி டெஸ்ட் வேணுமான்னு கேளுங்க.

நேத்து குழுவுல இதையே சுருக்கமா எழுதிப் போட்டேன். ஒரு பெரியவர் கோவிச்சுக்கிட்டு வெளியேறிட்டார். மாமு மட்டும் ஒரு கட்டைவிரல் போட்டிருக்கார்.

பி.கு.: திட்டறவங்க பின்னூட்டத்துல தாராளமாத் திட்டலாம். அதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கற பெரியவரைப் பார்த்து, "ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கீங்க?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க.