எதற்கெடுத்தாலும் ஸ்தோத்திரமா?

திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்து நண்பர்களுக்கு இந்த வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. போதகரைப் பார்த்தால் "தோத்திரம் ஐயா". பஸ் கிடைத்தால் ஸ்தோத்திரம். மழை வந்தால் ஸ்தோத்திரம். பரீட்சையில் பாஸானால் சொல்லவே வேண்டாம்! கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளே ஹாஸ்டலுக்கு வந்ததும் இதைச் சொல்லிக் காட்டிக் கேலி செய்வதுண்டு. பாட்டி காலத்துப் பழக்கம், வாயில் தானாக வருகிறது, அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்பது பலருடைய எண்ணம்.

உண்மையிலேயே ஒன்றும் இல்லையா? கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். ஏனென்றால் இந்த நன்றி சொல்லும் பழக்கத்துக்கும் மனதின் சந்தோஷத்துக்கும் பெரிய சம்பந்தம் இருக்கிறது. அதே சமயம் இதே பழக்கம் தவறான கைகளில் போனால் சந்தோஷத்தைக் கெடுக்கவும் செய்கிறது.

முதலில் வார்த்தைக்கே வருவோம். புதிய ஏற்பாடு எழுதப்பட்டது கிரேக்க மொழியில். அதில் மகிழ்ச்சிக்குச் சொல்வது "காரா". கிருபைக்குச் சொல்வது "காரிஸ்". நன்றி செலுத்துதலுக்கு "யூகாரிஸ்தியா". மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தவை. கத்தோலிக்க நண்பர்கள் நற்கருணை என்று சொல்வதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் பெயர் இந்த யூகாரிஸ்தியாவிலிருந்து வந்ததுதான். அதாவது கிறிஸ்தவ வழிபாட்டின் மையத்தில் இருக்கும் சடங்கின் பெயரே "நன்றி".

அந்த நன்றி எப்போது சொல்லப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். இயேசு அப்பத்தை எடுத்து நன்றி சொன்னது, தான் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில். மறுநாள் சிலுவை. கூட இருக்கிறவர்களில் ஒருவன் விலை பேசி முடித்துவிட்டான் என்று தெரிந்த பிறகு சொன்ன நன்றி அது! நல்லது நடந்ததும் சொன்னதல்ல.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று புரியும். பெரும்பாலான மனிதர்கள் நன்றியை ரொக்கக் கணக்கு மாதிரிதான் எழுதுகிறார்கள். பணம் கைக்கு வந்தால் ரசீது. வராவிட்டால் ரசீது கிடையாது. வேலை கிடைத்தது, நன்றி. விசா வந்தது, நன்றி. வரவில்லையா? கணக்குப் புத்தகம் மூடப்படும், முகமும் வாடிப்போகும்.

கணக்குப்பதிவியலின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. இரட்டைப் பதிவு முறையை அச்சுப் புத்தகத்தில் விரிவாக விளக்கியவர் லூகா பாச்சோலி என்று முதல் வருடத்திலேயே படிக்கிறோம். புத்தகம் வெனிஸ் நகரத்தில் 1494-ல் வெளிவந்தது. ஆனால் அவர் ஒரு பிரான்சிஸ்கன் துறவி என்பது பலருக்கு மறந்துபோகிறது. வியாபாரி தன் கணக்குப் புத்தகத்தைத் தொடங்கும்போது கடவுளின் பெயரை எழுதி, சிலுவை அடையாளம் போட்டுத் தொடங்க வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். நம்மூர் கடைக்காரர்கள் புதுக் கணக்கில் பிள்ளையார் சுழி போடுவதைப் போல.

எழுதும் நேரத்தைப் பாருங்கள். ஒரு வரவும் இன்னும் எழுதவில்லை. இந்த வருடம் லாபமா நஷ்டமா என்று யாருக்கும் தெரியாது. அதற்கு முன்பே முதல் வரி எழுதியாகிவிட்டது. கிறிஸ்தவ நம்பிக்கை சொல்லும் நன்றி இந்த முதல் வரிதான். கடைசிப் பக்கத்து லாபத்துக்குக் கொடுக்கும் ரசீது அல்ல.

பவுல் பிலிப்பி பட்டணத்தாருக்கு எழுதிய கடிதத்தில் திரும்பத் திரும்ப வருவது சந்தோஷம். எழுதியவர் இருந்ததோ சிறையில். தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, எந்த நிலைமையிலும் நன்றியோடு இருங்கள் என்று சொல்கிறார். நடந்தது நல்லது என்று அதற்கு அர்த்தமில்லை. நடந்தது கெட்டதாகவே இருக்கலாம். ஆனாலும் அதற்குள் நிற்கும்போது கடவுள் விட்டுப் போகவில்லை என்ற நம்பிக்கை இருக்கிறதே, நன்றி அதிலிருந்து வருகிறது.

இது சாத்தியமா? புத்தகத்தில் எழுத நன்றாக இருக்கும், வாழ்க்கைக்கு ஒத்துவருமா? இரண்டு பேரைப் பார்க்கலாம்.

இரண்டாம் உலகப்போர் காலத்தில் நெதர்லாந்தின் ஹார்லெம் நகரத்தில் டென் பூம் என்ற கடிகாரக் கடைக் குடும்பம் யூதர்களைத் தங்கள் வீட்டில் ஒளித்து வைத்தது. 1944 பிப்ரவரியில் பிடிபட்டார்கள். வயதான அப்பா சில நாட்களிலேயே காவலில் இறந்தார். கோரி, பெட்ஸி என்ற அக்கா தங்கை இருவரும் கடைசியில் ஜெர்மனியின் ராவன்ஸ்ப்ரூக் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே படுக்கையெல்லாம் தெள்ளுப்பூச்சி. அக்கா பெட்ஸி அதற்கும் நன்றி சொல்ல வேண்டும் என்றாராம். தங்கை கோரிக்கு எரிச்சல். தெள்ளுப்பூச்சிக்கெல்லாமா நன்றி! பிறகுதான் தெரிந்தது, அந்தப் பூச்சிகளுக்குப் பயந்து காவலர்கள் அறைக்குள் வருவதில்லை. அதனால்தான் அங்கே பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து வேதம் வாசிக்க முடிந்தது. கோரி இதையெல்லாம் 1971-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

பிரசங்கங்களில் இந்தக் கதையை இத்துடன் நிறுத்திவிடுவார்கள். ஆனால் கதை இங்கே முடியவில்லை. 1944 டிசம்பரில் பெட்ஸி அதே முகாமில் இறந்துபோனார். தெள்ளுப்பூச்சி நன்மையாக முடிந்தது, சரி. முகாம் நன்மையாக முடியவில்லை. பெட்ஸியின் நன்றி பின்னால் கிடைத்த பலனால் நிரூபிக்கப்பட்டது என்று சொன்னால், அவருடைய சாவுக்கு என்ன பதில் சொல்வது? அவர் நன்றி சொன்னபோது காவலர்கள் வராத ரகசியம் அவருக்கே தெரியாது. அதுதான் அதில் பெரிய விஷயம்.

இன்னொருவர் நம்மூர்க்காரர் என்றே சொல்லலாம். ஏமி கார்மைக்கேல் அயர்லாந்தில் பிறந்து 1895-ல் இந்தியா வந்தவர். திருநெல்வேலிச் சீமையில் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து டோனாவூரில் குழந்தைகளுக்காக ஒரு இல்லத்தை நடத்தினார். பிள்ளைகளுக்கு அவர் அம்மா. நாள் முழுவதும் ஓடிக்கொண்டே இருந்தவர் 1931-ல் ஒரு விபத்தில் விழுந்து அடிபட்டார். அதன் பிறகு 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறையில்தான் வாழ்க்கை. ஏறத்தாழ இருபது வருடம்! வலியும் தீரவில்லை. அந்த அறையிலிருந்து அவர் எழுதிய புத்தகங்கள் பல. அவற்றில் நோயாளிகளுக்கும் சோர்ந்துபோனவர்களுக்கும் எழுதியவையும் உண்டு. தனக்குக் கல்லறைக்கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டியை வைத்தார்கள்.

இவர்கள் இருவரும் "எல்லாம் நல்லபடியாக நடந்தது, அதனால் சந்தோஷமாக இருக்கிறோம்" என்று சொன்னவர்கள் இல்லை.

சரி, இப்போது மறுபக்கம். இதே நன்றி எங்கே தவறாகப் போகிறது? மூன்று இடங்களைச் சொல்லலாம்.

ஒன்று, சாட்சி சொல்லும் நேரம். பல சபைகளில் மைக்கைப் பிடிக்கிறவர்கள் யார்? கேம்பஸில் வேலை கிடைத்தவர், வீடு கட்டியவர், வெளிநாடு போனவர். தேங்க்ஸ் கவர் போட்டு, பெயர் வாசிக்கப்பட்டு, எல்லோரும் ஆமென் சொல்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அதே வரிசையில் மூன்றாவது முறையும் சிஏ தேர்வில் தவறியவன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அவனும் அதே கடவுளிடம்தான் ஜெபித்தான். அவனுக்கு அங்கே சொல்ல ஒன்றும் இல்லையா? வெற்றி பெற்றவர்கள் மட்டும் நன்றி சொல்லும் இடமாக ஆலயம் மாறிவிட்டால், அங்கே நடப்பது பரிசளிப்பு விழா.

இரண்டு, ஒப்பிட்டுப் பார்த்து வரும் நன்றி. "ரோட்டில் படுத்திருக்கிறவர்களைப் பார், கடவுள் நம்மை அப்படி வைக்கவில்லையே" என்று வீட்டில் சொல்லாதவர்கள் குறைவு. லூக்கா நற்செய்தியில் ஒரு பரிசேயன் இதே ஜெபத்தைத்தான் செய்தான். மற்றவர்களைப் போல் தான் இல்லை என்பதற்காக நன்றி சொன்னான். இயேசு அவனைப் பாராட்டவில்லை. பக்கத்தில் இருப்பவனின் பசி ஒருவருடைய நன்றிக்குக் காரணமாக முடியுமா? அந்தப் பசியைத் தீர்க்க எழுந்து போகவைத்தால்தான் அது நன்றி.

மூன்றாவது எல்லாவற்றையும்விட ஆபத்தானது. அடி வாங்கும் மனைவியிடமும், கூலி குறைத்துக் கொடுக்கப்பட்ட தொழிலாளியிடமும், மனம் உடைந்துபோன மாணவியிடமும் "முறுமுறுக்காதே, ஸ்தோத்திரம் சொல்லு" என்று வாயை அடைப்பது. இதற்கு வேதத்தில் ஆதாரம் தேடினால் கிடைக்காது. சங்கீதங்கள் 150-ல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். ஏன், எதுவரைக்கும் என்று கடவுளிடமே சண்டை போடும் பாட்டுகள். லாசருவின் கல்லறை முன்னால் இயேசு அழுதார். அழுகைக்கு இடம் கொடுக்காத நன்றி கிறிஸ்தவ நன்றியே அல்ல, வெறும் நடிப்பு.

அப்படியானால் அன்றாட வாழ்க்கையில் இதை எப்படிப் பழகுவது? பெரிய தத்துவம் ஒன்றும் தேவையில்லை. பதில் பழைய அடுப்படியிலேயே இருக்கிறது. தென் மாவட்டத்துச் சபைகள் சிலவற்றில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலையில் போட அரிசி அளக்கும்போது ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். சேர்ந்ததும் ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். மிசோரமில் இதே வழக்கம் 1910-ல் தொடங்கி இன்றும் சபைகளின் ஊழியத்துக்குப் பெரிய வருமானமாக இருக்கிறது. அங்கே இதற்குப் பெயர் "புஃபாய் தாம்".

ஒரு பிடி அரிசிக்கு விலை என்ன இருக்கும்? ஆனால் அதை எடுக்கும் நேரத்தைக் கவனியுங்கள். சமைப்பதற்கு முன்பு. எல்லோருக்கும் போதுமா என்று தெரிவதற்கு முன்பு. பாச்சோலியின் முதல் வரி மாதிரியேதான்! தினமும் அப்படி எடுக்கிற கைக்கு, பானையில் மீதி இருப்பதும் கொடுக்கப்பட்டதுதான் என்று தானாகவே தெரிந்துவிடுகிறது. பெரிய காணிக்கை போட முடியாத ஏழை வீட்டிலும் இதைச் செய்ய முடியும். அந்தப் பிடி வேறொருவருக்குப் போகிறது என்பதையும் மறக்கக் கூடாது. சொல்லோடு நின்றுவிடாத நன்றி அது.

நம்பிக்கை இல்லாத நண்பர்களுக்கும் ஒரு தகவல். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு குழு பத்து வாரம், வாரம் ஒருமுறை, நன்றி சொல்லத் தக்க ஐந்து விஷயங்கள் வரை எழுதியது. இன்னொரு குழு எரிச்சலூட்டிய விஷயங்களை எழுதியது. முதல் குழுவினருக்குத் தங்கள் வாழ்க்கையைப் பற்றித் திருப்தி அதிகமாக இருந்தது. வரப்போகும் வாரத்தைப் பற்றிய நம்பிக்கையும் அதிகம். மகிழ்ச்சி வந்தபிறகு நன்றி சொல்லலாம் என்று காத்திருக்கத் தேவையில்லை, நன்றி முன்னால் போனால் மகிழ்ச்சி பின்னால் வரும் என்று ஆய்வும் சொல்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நோட்டில் எழுதும் நன்றிக்கு முகவரி தேவையில்லை. விசுவாசியின் நன்றிக்கு முகவரி இருக்கிறது, யாரோ ஒருவரிடம் சொல்லப்படுகிறது. அதனால்தான் அதே ஒருவரிடம் கோபப்படவும் முடிகிறது, அழவும் முடிகிறது. ரிசல்ட் வராத நாளிலும், அப்பாவுக்கு உடம்பு சரியில்லாத நாளிலும் பேச ஒரு ஆள் இருக்கிறார் என்பதைவிடப் பெரிய சந்தோஷம் என்ன இருக்கிறது?

அடுத்த தடவை பாட்டி பஸ் ஸ்டாண்டில் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று முணுமுணுத்தால், சிரிப்பதற்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள். பஸ் வந்ததற்காகச் சொல்கிறாரா, பஸ் வருவதற்கு முன்பே சொல்கிறாரா?

பல பாட்டிகள் வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள் :-)